பாதி மழையை மறைத்தபோது செத்தது எந்த மரம்? கஷியுவானா காட்டின் 22 ஆண்டுக் கதை

பிரேசிலின் பாரா மாநிலத்தில், பெலெம் நகருக்கு மேற்கே, கஷியுவானா தேசியக் காடு இருக்கிறது. அமேசானின் முதிர்ந்த தாழ்நில மழைக்காடு. ஆண்டுக்கு 2000 முதல் 2500 மி.மீ. வரை மழை கொட்டும் இடம். அந்தக் காட்டுக்குள் ஒரே ஒரு ஹெக்டேரில் மட்டும் 2002 முதல் 22 ஆண்டுகள் பெய்த மழையில் ஏறக்குறையப் பாதி மண்ணைத் தொடவில்லை. தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடுகளை வேய்ந்து, அதில் விழும் நீரை ஓடைகள் வழியாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். வெப்பமண்டலக் காடுகளில் இவ்வளவு காலம் நீடித்த வறட்சிச் சோதனை வேறு இல்லை.

ஒரு காட்டின் உயிர்த்திரளை, அதாவது மரங்களின் மொத்த எடையை, தட்பவெப்பம் எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டால், வழக்கமாக வரும் பதில் சுலபமானது. மழை கூடினால் வளர்ச்சி கூடும், வளர்ச்சி கூடினால் எடை கூடும், மழை குறைந்தால் எல்லா மரமும் கொஞ்சம் கொஞ்சம் இளைக்கும். கஷியுவானாவில் அப்படி நடக்கவில்லை. பெரிய மரங்கள் செத்தன. சிறியவற்றில் பல முன்பைவிட வேகமாக வளர்ந்தன. காட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. தட்பவெப்பம் ஒரு முதிர்ந்த காட்டின் எடையில் கை வைப்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான், அதாவது மிகப் பெரிய சில மரங்களின் ஆயுளைத் தொட்டுத்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு இந்த ஒரு ஹெக்டேரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

எடை யாரிடம் இருக்கிறது

முதலில் கணக்கு. காட்டு ஆய்வில் உயிர்த்திரள் என்று பொதுவாகச் சொல்வது, தரைக்கு மேலே உயிரோடு நிற்கும் மரங்களின் உலர் எடையை. அதில் ஏறத்தாழப் பாதி கார்பன். மரத்தை வெட்டித் தராசில் வைக்க முடியாது என்பதால் 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி விட்டம் எடுக்கிறார்கள். பெரிய மரங்களில் இங்கேதான் சிக்கல். அடியில் பலகை வேர்கள் ஆளுயரத்துக்கும் மேலே விரிந்து நிற்கும். 1.3 மீட்டரில் நாடாவைச் சுற்றினால் வேரையும் சேர்த்துத்தான் அளக்க நேரும், விட்டம் தாறுமாறாகக் கூடிவிடும். அதனால் ஏணி போட்டு ஏறி, வேர் முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே நாடா சுற்றி, அந்த இடத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுவார்கள். அடுத்த முறை வருபவரும் அதே கோட்டில்தான் அளக்க வேண்டும். கோடு சில அங்குலம் தவறினால் வளராத மரம் வளர்ந்ததாகவும், வளர்ந்த மரம் சுருங்கியதாகவும் கணக்கு வரும்.

விட்டத்தை எடையாக மாற்றச் சூத்திரம் உண்டு. ஜெரோம் ஷாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட சூத்திரம் இன்று பரவலாகப் புழங்குகிறது. 58 இடங்களில் வெட்டி நேரடியாக எடை பார்த்த 4004 மரங்களின் தரவு அதற்கு அடிப்படை. மரக்கட்டையின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்கினால் கிலோகிராமில் எடை வரும். நாமே போட்டுப் பார்க்கலாம். கட்டை அடர்த்தி 0.65, விட்டம் 20 செ.மீ., உயரம் 18 மீட்டர் உள்ள ஒரு மரத்துக்கு வருவது சுமார் 257 கிலோ. அதே அடர்த்தியில் விட்டம் 1 மீட்டர், உயரம் 40 மீட்டர் என்றால் சுமார் 13 டன். விட்டம் ஐந்து மடங்கு, எடை ஐம்பது மடங்கு. ஒரு பெரிய மரம் விழுந்தால் அந்த எடையை ஈடுகட்ட ஐம்பது நடுத்தர மரங்கள் புதிதாக வர வேண்டும்.

ஃபெரி ஸ்லிக் தலைமையில் 2013-இல் வெளிவந்த ஆய்வு இதை மூன்று கண்டங்களில் எண்ணிக் காட்டியது. 120 தாழ்நில மழைக்காட்டு இடங்கள். 10 செ.மீ. விட்டத்துக்கு மேல் உள்ள மரங்களில் 70 செ.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தவை தென் அமெரிக்காவில் 1.5 சதவீதம், தென்கிழக்கு ஆசியாவில் 2.4 சதவீதம், ஆப்பிரிக்காவில் 3.8 சதவீதம். அவற்றிடம் இருக்கும் உயிர்த்திரளோ முறையே 25.1, 39.1, 44.5 சதவீதம். ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் உயிர்த்திரளில் உள்ள வேறுபாட்டில் சுமார் 70 சதவீதத்தை, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை பெரிய மரம் என்ற ஒற்றை எண்ணே விளக்கிவிட்டது. மழை, மண், இன வளம் எல்லாம் மீதியில்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

உச்சம் எதுவரை போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. போர்னியோவின் டானும் பள்ளத்தாக்கில் நிற்கும் மெனாரா என்ற மஞ்சள் மெராண்டி மரம் 100.8 மீட்டர் உயரம். லேசர் வருடல் கொண்டு கணித்தபோது வேர் நீங்கலாக 81.5 டன் வந்தது, அதில் 95 சதவீதம் அடிமரத்தில். தென் அமெரிக்கத் தாழ்நிலக் காட்டில் ஒரு முழு ஹெக்டேரின் சராசரியே 288 டன் அளவில்தான் என்று வைத்துப் பாருங்கள்.

கூரைக்குக் கீழே

கஷியுவானா சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் மெய்ரும், பாரா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியோ கார்லோஸ் லோலா த கோஸ்டாவும் முக்கியமானவர்கள். ஏற்பாடு எளிது, பராமரிப்புத்தான் பாடு. மழை மறைத்த ஒரு ஹெக்டேர், பக்கத்தில் ஒன்றும் செய்யாத ஒரு ஹெக்டேர். மறைத்த பகுதியைச் சுற்றி அகழி வெட்டியிருந்தார்கள், இல்லாவிட்டால் பக்கத்து மண்ணிலிருந்து நீர் கசிந்து உள்ளே வந்துவிடும், ஓரத்து மரங்களும் வேரை வெளியே நீட்டிக் குடித்துக்கொள்ளும். தகட்டின்மேல் விழும் இலைச் சருகை அள்ளி மறுபடி கீழே மண்ணில் போட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மண்ணுக்குச் சத்தும் குறையும், அப்புறம் மரம் செத்தது தண்ணீர் இல்லாமலா சத்து இல்லாமலா என்று பிரிக்க முடியாது. தகடு தாழ்வாக இருந்ததால் மேலே விதானம், அதாவது மரங்களின் உச்சிப் பரப்பு, வழக்கம்போல வெயிலிலும் காற்றிலும் மழையிலும் நின்றது. வறட்சி வேருக்கு மட்டும்.

இதற்கு முன்பே அமேசானின் இன்னொரு பகுதியான தபஜோஸ் தேசியக் காட்டில் டேனியல் நெப்ஸ்டாட் குழு இதே மாதிரி ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தது. அங்கே களிமண், நிலத்தடி நீரும் மிக ஆழம். ஆனாலும் இரண்டு இடத்திலும் தொடக்கம் ஒரே மாதிரி இருந்தது: முதல் ஓரிரு ஆண்டுகள் பெரிய சேதம் எதுவும் தெரியவில்லை. மரங்கள் ஆழத்து நீரை எடுத்துச் சமாளித்தன. அந்த நிலையில் சோதனையை நிறுத்தியிருந்தால் அமேசான் காடு வறட்சியைத் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். மூன்றாம் ஆண்டு வாக்கில் சாவு தொடங்கியது. தபஜோஸில் 30 செ.மீ.க்கு மேல் தடித்த மரங்களின் இறப்பு வீதம் 4.5 மடங்கானது, சிறிய மரங்களில் அந்த அளவுக்கு இல்லை. கஷியுவானாவிலும் முன்னால் போனவை பெரியவையே. இனத்துக்கு இனம் வேறுபாடும் இருந்தது. பௌட்டேரியா பேரினத்து மரங்கள் குறிப்பாக அடி வாங்கின.

இது ஏதோ அமேசானுக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. உலகம் முழுவதும் 38 காட்டு இடங்களில் நிகழ்ந்த 40 வறட்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இதையே சொன்னது: வறட்சியில் வளர்ச்சிக் குறைவும் இறப்பும் பெரிய மரங்களில்தான் கூடுதல்.

பட்டினிச் சாவா, தாகச் சாவா?

பெரிய மரம் ஏன் முதலில் சாக வேண்டும்? அதற்குத்தானே ஆழமான வேர் இருக்கிறது, சேமிப்பும் அதிகம்? அந்தக் கேள்விக்குப் பல காலம் இரண்டு பதில்கள் மோதிக்கொண்டிருந்தன.

ஒன்று, பட்டினி. மண்ணில் நீர் குறைந்தால் மரம் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடும். துளையை மூடினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது, சர்க்கரை ஆகாது. ஆனால் மரம் சுவாசித்தாக வேண்டும். பெரிய உடம்பு, பெரிய செலவு. சேமித்த மாவுச்சத்து தீர்ந்ததும் கதை முடிந்தது.

இன்னொன்று, நீர்க்குழாய் உடைவு. மரத்துக்குள் நீர் மேலே போவது கீழிருந்து தள்ளுவதால் அல்ல, இலையிலிருந்து ஆவியாகும் நீர் மேலிருந்து இழுப்பதால். சைலம் எனப்படும், கட்டைக்குள் நீரை ஏற்றும் நுண்குழல்களுக்குள் நீர் எப்போதும் விறைப்பாக இழுபட்டபடி நிற்கிறது. உயரத்துக்கு என்றே தனி விலை உண்டு: ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் அளவுக்குக் கூடுதலாக இழுக்க வேண்டும். 40 மீட்டர் மரம் மண் நிறைய ஈரம் இருக்கும்போதே நான்கு வளிமண்டலம் கடனில்தான் தொடங்குகிறது. மண் காய்ந்தால் இழுவை இன்னும் ஏறும். ஓர் எல்லைக்கு மேல் குழலுக்குள் காற்றுக் குமிழ் புகுந்து நீர்க் கோடு அறுந்துபோகும். பைப்பில் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். போதாததற்கு உச்சி இலைகள் சுற்றிலும் நிழல் இல்லாத இடத்தில், வெயிலும் வறண்ட காற்றும் நேராகப் படும்படி நிற்கின்றன. கீழே நிழலில் நிற்கும் சிறு மரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எந்தப் பதில் சரி என்று பார்க்கப் பெரிய சோதனைச்சாலை எதுவும் தேவைப்படவில்லை, ஆனால் மரம் ஏறத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். விடியும் முன் உச்சிக் கிளையை வெட்டி இறக்கி, அழுத்தக் கலத்துக்குள் வைத்து, வெட்டிய முனையில் நீர்த்துளி எட்டிப் பார்க்கும் வரை வாயுவை ஏற்றுவார்கள். எவ்வளவு அழுத்தத்தில் துளி வந்ததோ, அந்த அளவு இழுவையில் நீர் உள்ளே நின்றிருக்கிறது என்று பொருள். இரவெல்லாம் ஓய்ந்திருந்த மரம் விடியலில்கூட எவ்வளவு தாகத்தோடு இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம் மரத்தில் மீதியிருக்கும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அளந்தார்கள்.

லூசி ரோலண்ட் குழு 2015-இல் முடிவை வெளியிட்டது. வறட்சிக்கு எளிதில் பலியாகும் வகை மரங்களிலும் மாவுச்சத்துக் கையிருப்பு குறைந்திருக்கவில்லை. உயிரோடிருந்த மரங்கள் வளர்ந்துகொண்டும் இருந்தன. பட்டினி என்றால் இரண்டும் நடக்காது. மாறாக, பெரிய மரங்களின் சைலம் காற்றடைப்புக்கு அதிகம் ஆளாகக்கூடியதாக இருந்தது. ஆக, கையில் சாப்பாடு இருக்கும்போதே தாகத்தால் வந்த சாவு. எனக்கு இந்த முடிவில் பிடித்தது ஒன்று உண்டு: மரத்தின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஓர் இயற்பியல் காரணத்தைக் கொடுக்கிறது. பெரிதாக வளரும்போது மரம் ஒளியை வெல்கிறது, அதே வளர்ச்சியில் தண்ணீர்க் கோட்டை நீட்டி ஆபத்தையும் வாங்கிக்கொள்கிறது.

பதினைந்து ஆண்டுக்குப் பிறகு

பெரியவை விழ விழ, விதானத்தில் ஓட்டைகள் விழுந்தன. கீழே காத்திருந்தவற்றுக்கு வெளிச்சம் கிடைத்தது, அவை வேகமெடுத்தன. ஆனாலும் முன்னே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். 13 டன் மரம் ஒன்று போனதை 250 கிலோ மரங்கள் சில சென்டிமீட்டர் தடித்து ஈடு செய்ய முடியாது.

பாப்லோ சான்செஸ் மார்ட்டினெஸ் குழு 2025-இல் வெளியிட்ட 22 ஆண்டுத் தொகுப்பு இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் தந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இழப்பு பெரும்பாலும் முதல் 15 ஆண்டுகளிலேயே நடந்து முடிந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் உயிர்த்திரள் ஏறத்தாழ நிலைத்து நின்றது. தகடுகள் அப்படியேதான் இருந்தன, மழை பாதிதான் இறங்கியது, ஆனால் மிச்சமிருந்த மரங்கள் தாகத்தில் இல்லை. குடிக்க வாய்கள் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைத்த நீர் பக்கத்து ஹெக்டேரில் கிடைப்பதற்கு நெருங்கி வந்துவிட்டது.

செய்திகளில் இது ‘காடு வறட்சிக்குப் பழகிக்கொண்டது’ என்று வந்தது. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடு குறைவு. தனித்தனி மரம் எதுவும் பெரிதாகப் பழகிக்கொள்ளவில்லை. சைலத்தின் தாங்குதிறன் ஆண்டுக்கணக்கான வறட்சியிலும் பெரிதாக மாறவில்லை என்று இதே இடத்தில் பாவ்லோ பித்தென்கூர் குழு 2020-இலேயே காட்டியிருந்தது. குறைந்தது ஆட்கணக்கு. தேவையைக் கிடைக்கும் நீரின் அளவுக்கு வெட்டிச் சுருக்கிக் காடு கணக்கை நேர்செய்தது. சரி, காடு புல்வெளியாகச் சரிந்துவிடவில்லை என்பது நல்ல செய்திதான், மிச்சமிருக்கும் உயிர்த்திரள் பல வறண்ட காடுகளைவிட இன்னும் கூடுதல். ஆனால் போன மூன்றில் ஒரு பங்கு காற்றில் கார்பனாகச் சேரும். ஒரு மீட்டர் தடித்த மரத்தை மறுபடி எழுப்ப 15 ஆண்டு போதவே போதாது.

வளர்ச்சியா, ஆயுளா

ஒரு ஹெக்டேரில் பார்த்ததைப் பெரிய வரைபடத்திலும் பார்க்க முடிகிறதா? முடிகிறது. அமேசானின் மேற்குப் பக்கத்து மண் ஒப்பீட்டளவில் சத்தானது, மரங்கள் வேகமாக வளர்கின்றன. வடகிழக்கே கயானா மேட்டுநிலத்தில் மண் பழையது, ஏழ்மையானது, மரங்கள் மெதுவாக வளர்கின்றன, கட்டை கனம். வளர்ச்சிதான் எல்லாம் என்றால் மேற்குக் காடு கனமாக இருக்க வேண்டும். நிஜத்தில் வடகிழக்குக் காடுதான் கனம். மேற்கில் மரங்கள் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகின்றன. அமேசான் முழுதும் நிரந்தர ஆய்வு நிலங்களை ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு, உயிர்த்திரள் எங்கே கூட, எங்கே குறைவு என்பதை மரங்களின் இறப்பு வீதமே நன்றாகச் சொல்கிறது என்று முடித்தது. மரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அந்த இடத்துக்கு வரவில்லை.

வெப்பநிலையில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. மார்ட்டின் சலிவன் தலைமையிலான குழு 2020-இல் வெப்பமண்டலம் முழுக்க 813 காடுகளை ஒப்பிட்டது. ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் பகல் உச்ச வெப்பநிலைதான் கார்பன் இருப்பை அதிகம் பாதித்தது. ஒரு டிகிரி கூடினால் ஹெக்டேருக்குச் சுமார் 9.1 டன் கார்பன் குறைவு, 32.2 டிகிரிக்கு மேல் சரிவு இன்னும் செங்குத்து. அங்கே முக்கிய வழி வளர்ச்சிக் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். எனவே வளர்ச்சி என்ற பாதையை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. வெப்பம் வளர்ச்சியைக் கடிக்கிறது, வறட்சி பெரியவற்றின் ஆயுளைக் கடிக்கிறது. எடையில் சட்டென்று குழி விழுவது இரண்டாவதில்.

தட்பவெப்பத்தில் பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று மின்னல். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீவ் யனோவியாக், ஈவன் கோரா ஆகியோர் மின்னல் விழுந்த இடங்களைக் கருவி வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, மரம் மரமாகப் பார்த்தார்கள். ஒரு மின்னல் சராசரியாக 23.6 மரங்களைத் தாக்கி 5.3 மரங்களைக் கொல்கிறது. அந்தக் காட்டில் பெரிய மரச் சாவுகளில் சுமார் 40 சதவீதத்துக்குக் காரணம் மின்னல். உயரமே இங்கும் வினை.

இந்தச் சோதனையின் குறைகள்

ஒரே ஒரு ஹெக்டேர். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே மழை மறைத்த இரண்டாவது ஹெக்டேர் கிடையாது. பெரிய மரங்கள் ஒரு ஹெக்டேருக்கு ஒரு கைப்பிடிதான் இருக்கும் என்பதால், அவற்றில் இரண்டு தற்செயலாக விழுந்தாலே கணக்கு ஆடும். தபஜோஸ் முடிவும், உலக அளவிலான தொகுப்பும் அதே திசையைக் காட்டுவதால்தான் கஷியுவானாவை நம்பிப் பேச முடிகிறது.

அதைவிடப் பெரிய குறை, காற்று. தகடு மண்ணின் நீரை மட்டும்தான் குறைத்தது. உண்மையான வறட்சி அப்படி வராது. வெப்பமும் வறண்ட காற்றும் சேர்ந்து வரும், விதானத்தின் இழுவையை மேலிருந்தும் ஏற்றும். 2005, 2010, 2015–16, 2023 ஆகிய ஆண்டுகளில் அமேசான் பார்த்த வறட்சிகளில் மழைக் குறைவோடு வெயிலும் சேர்ந்துகொண்டது. எனவே இந்த மூன்றில் ஒரு பங்கு இழப்பைக் கீழ் எல்லை என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். மறுபக்கம், 22 ஆண்டு இடைவிடாமல் பாதி மழை என்பதும் இயற்கையில் சாதாரணமாக வராத கடுமை.

இனி இந்தக் கணக்கை விண்ணிலிருந்தும் எடுப்பார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் ரேடார் அலை சுமார் 70 செ.மீ. நீளம். இலைகளைத் துளைத்து அடிமரத்தையும் பெருங்கிளைகளையும் எட்டும் என்பதால், எடை எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேயே பார்க்கும் கருவி இது. ஆனால் அதன் உயிர்த்திரள் வரைபடத்தில் ஒரு கட்டம் 200 மீட்டருக்கு 200 மீட்டர், அதாவது நான்கு ஹெக்டேர். அதற்குள் இரண்டு 13 டன் மரங்கள் நின்றபடியே பட்டுப்போனால் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அது மறைந்துபோகும். எந்த மரம், எந்த இனம், எந்த ஆண்டில், எதனால் செத்தது என்பதற்கு இப்போதைக்கும் ஏணியும் நாடாவும் பெயின்ட் கோடும்தான்.